பழைய சிறுவர் நூல்களின் படங்கள் எப்படி அச்சாயின: லூப்பும் டார்ச்சும் வைத்துக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

19ஆம் நூற்றாண்டுச் சிறுவர் நூல் ஒன்று கையில் கிடைத்ததும், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நேராக அழகான வண்ணப் படத்துக்குப் போய், அதன் மேல் லூப்பை (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கியை) வைத்து, 'வண்ணக் கல்லச்சு' (கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை) என்று எழுதிவிடுகிறார்கள். அது பல நேரம் மரக்கட்டை அச்சாக இருக்கும், சில நேரம் கையால் பூசிய வண்ணமாகவே இருக்கும். ஏமாற்றுவது வண்ணம்தான். அந்தக் காலத்தில் கறுப்புக் கோட்டை ஒரு முறையிலும் வண்ணத்தை இன்னொரு முறையிலும் போடுவது சர்வசாதாரணம். ஆகவே முதலில் தாள், அடுத்து கோடு, கடைசியில் வண்ணம். கீழே உள்ள வரிசை முழுவதும் அதற்காகத்தான், மாற்றிச் செய்யாதீர்கள்.

உதாரணங்களைப் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தும் ஒன்றிரண்டை ஜெர்மனியிலிருந்தும் எடுத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லூப் ஒன்று. 30 மடங்கு, 60 மடங்கு என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் தாளின் நார்தான் பெரிதாகத் தெரியும், கோட்டின் போக்கு தெரியாது.

சின்ன டார்ச் ஒன்று. வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது, பக்கவாட்டில் விழ வேண்டும், அதனால் கையில் பிடித்து நகர்த்தக்கூடியதாக இருக்கட்டும். பென்சிலும் நோட்டும் வேண்டும். பேனா பக்கத்திலேயே வரக் கூடாது.

நூலை முழுதாக 180 பாகைக்கு விரிக்காமல், இரண்டு பக்கமும் மடித்த துண்டைக் கொடுத்துத் தாங்க வையுங்கள். படத் தாள்கள் பல நூல்களில் தனியாக ஒட்டப்பட்டவை. அழுத்தி விரித்தால் முதலில் கழன்று வருவது அவைதான்.

அப்புறம் பழகிக்கொள்ள இரண்டு பொருள்: இன்றைய வாரப் பத்திரிகை ஒன்று, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இவை எதற்கு என்று 2ஆம் படியிலும் 5ஆம் படியிலும் தெரியும்.

2. முதலில், இது மறுபதிப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள்

தலைப்புப் பக்கத்தில் 1865 என்று போட்டிருப்பதால் அது 1865இல் அச்சானதாகிவிடாது. பழைய பக்கத்தை அப்படியே படம் பிடித்துப் போட்ட மறுபதிப்புகள் ஏராளம், அவற்றில் ஆண்டும் சேர்ந்தே வந்திருக்கும்.

முதலில் வாரப் பத்திரிகையின் வண்ணப் படத்தை லூப்பில் பாருங்கள். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூ வட்டங்களாக அடுக்கி நிற்கும். இந்தப் பூ வட்டம் உங்கள் பழைய நூலின் படத்தில் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது இன்றைய இயந்திர அச்சு முறை, வேலை அங்கேயே முடிந்தது.

கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இந்தச் சோதனை மட்டும் போதாது. கோட்டுப் படத்தை ஆஃப்செட்டில் புள்ளி இல்லாமலும் அச்சிடலாம். அப்போது எழுத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து எழுத்து ஈய எழுத்து, தாளில் அழுந்தியிருக்கும். பக்கத்தின் பின்புறம் விரலை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும். மறுபதிப்பில் எழுத்து வழவழவென்று தாளின் மேலேயே கிடக்கும்.

3. லூப் இல்லாமல் பக்கத்தைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி ஒன்றே ஒன்று: படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில், ஒரே மையில், ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றனவா?

ஆம் என்றால் அது அநேகமாக மேட்டு அச்சு, அதாவது மை மேட்டில் நிற்கும் முறை. படத்தின் கட்டையும் ஈய எழுத்தும் ஒரே உயரம், ஏறத்தாழ 23 மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே தடவையில் அச்சடிக்கலாம். விலை மலிவாக இருக்க வேண்டிய சிறுவர் நூல்களில் மரக்கட்டை ஆட்சி செய்ததற்குக் காரணம் இதுதான்.

இல்லை, படம் தனித் தாளில் இருக்கிறது, பின்பக்கம் வெற்றாக இருக்கிறது, தாளும் கொஞ்சம் தடிமன் என்றால் செப்புத் தகடு, எஃகுத் தகடு, கல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க முடியாது, வேறு இயந்திரம் வேண்டும். க்ரிம் சகோதரர்களின் கதைகள் 1823இல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தபோது ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் போட்ட படங்கள் இப்படித்தான் தனித் தாளில் வந்தன, அவை அமிலத்தால் அரித்த தகட்டு அச்சு.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சில சிறுவர் நூல்களில் எழுத்தையும் படத்தோடு சேர்த்தே தகட்டில் வெட்டினார்கள், அல்லது கல்லில் எழுதினார்கள். லண்டனில் ஜான் ஹாரிஸ் 1805இல் வெளியிட்ட 'ஓல்ட் மதர் ஹப்பர்ட்' அந்த வகை, செப்புத் தகட்டில் படமும் பாட்டும் சேர்ந்தே இருக்கும். அங்கே எழுத்து கையால் எழுதிய மாதிரி வளைந்து நெளிந்து வரும். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் துல்லியமாக ஒத்திருக்காது. ஆகவே 'ஒரே பக்கத்தில் எழுத்து உண்டு' என்று கண்டதும் நின்றுவிடாமல், அது ஈய எழுத்துத்தானா என்றும் பாருங்கள்.

4. டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள்

அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கத்தோடு பக்கமாக, தாளைத் தொடுகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். இரவில் வண்டி விளக்கில் சாலைப் பள்ளம் தெரிகிற மாதிரி தாளின் மேடுபள்ளம் எல்லாம் எழும்பி வரும்.

படத்தைச் சுற்றி, கொஞ்சம் தள்ளி, செவ்வகமாக ஒரு அழுத்தக் கோடு ஓடினால் அது தகட்டின் தடம். ஈரத் தாளைத் தகட்டோடு உருளைக்கு நடுவில் விட்டு நசுக்கியதால் வந்தது. ஆனால் தடம் இல்லை என்பதால் தகடு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சிறுவர் நூல்கள் சிறியவை, தகடு தாளைவிடப் பெரிதாக இருந்திருக்கும், அல்லது கட்டும்போது ஓரத்தை வெட்டியபோது தடமும் போயிருக்கும்.

அடுத்து தாளின் பின்பக்கம். கறுப்பு அடர்ந்த இடங்கள் பின்னால் புடைத்துத் தெரிந்தால் மேட்டு அச்சு. முன்னும் பின்னும் ஒன்றுமே தெரியவில்லை, தாள் அமைதியாக இருக்கிறது என்றால் கல்லச்சை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்னும் எழுத வேண்டாம். கட்டும்போது அழுத்தியதாலும் காலத்தாலும் புடைப்பு தட்டையாகியிருக்கலாம்.

5. இப்போது லூப்: கோட்டின் ஓரத்தில் மை எப்படி நிற்கிறது

ரப்பர் ஸ்டாம்பை மையில் தொட்டு வெள்ளைத் தாளில் அழுத்தி, காய்ந்ததும் லூப்பில் பாருங்கள். கோட்டின் நடுவில் மை மெலிந்தும் ஓரத்தில் தடித்தும், விளிம்பு கட்டிய மாதிரி இருக்கும். மேடு தாளில் அழுந்தும்போது மை பக்கவாட்டில் பிதுங்குகிறது. இந்த விளிம்பு தெரிந்தால் மேட்டு அச்சு, 6ஆம் படிக்குப் போங்கள்.

பள்ளத்தில் மை நிற்கும் தகட்டு அச்சில் நிலைமை வேறு. ஆழமாக வெட்டிய கோட்டில் மை நிறைய இருந்து தாளின் மேல் மெல்லிய வரப்பாக எழுந்து நிற்கும், ஆழமில்லாத கோடு சாம்பலாக மங்கியிருக்கும். ஒரே படத்தில் ஒரு கோடு கருகருவென்றும் பக்கத்துக் கோடு வெளிறியும் இருந்தால் அது பள்ளம், 7ஆம் படி. மேட்டு அச்சில் இது நடக்காது, அங்கே எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில்தான் மை விழும். கோட்டின் தடிமனையும் நெருக்கத்தையும் மாற்றித்தான் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்ட முடியும்.

கல்லச்சில் விளிம்பும் இல்லை, வரப்பும் இல்லை. மை தட்டையாகக் கிடக்கும். 8ஆம் படி.

ஒரே ஒரு இடத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மை கூடுதலாகப் பூசிய பிரதியில் விளிம்பு மறைந்துவிடும். படத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும் மெல்லிய கோடுகள் நாலைந்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

6. மேட்டு அச்சு என்றால்: கை செதுக்கியதா, அமிலம் அரித்ததா

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சிறுவர் நூல்களில் முக்கால்வாசி இங்கே வந்துதான் சேரும், குழப்பமும் இங்கேதான் அதிகம்.

மரம் என்றதும் பலகையில் செதுக்கியது என்று நினைக்க வேண்டாம். நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தியால் வெட்டுவது பழைய முறை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மலிவுக் குட்டிப் புத்தகங்களில் அது இன்னும் இருந்தது. கோடு தடித்து, முரட்டுத்தனமாக, மூலைகள் சிதைந்திருக்கும். நியூகாசிலில் இருந்த தாமஸ் பியூயிக் பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செப்புத் தகடு வெட்டும் உளியால் செதுக்கிப் புகழ்பெற்றார். 1790இல் வந்த அவருடைய விலங்குகள் நூலுக்குப் பிறகு அந்த முறை பரவியது. வெட்டுமுகத்தில் மரத்தின் நார் எந்தப் பக்கமும் இழுக்காது, அதனால் மயிரிழைக் கோட்டையும் செதுக்கலாம், கட்டையும் ஆயிரக்கணக்கான பிரதிகளுக்குத் தாங்கும்.

பியூயிக்கின் படத்தில் வெள்ளைக் கோடுதான் பேசும், கறுப்பிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டி எடுத்திருப்பார். 1860களுக்கு வந்தால் கதை தலைகீழ். ஓவியர் கட்டையின் மேல் பென்சிலாலோ பேனாவாலோ கோடு போடுவார், செதுக்குபவர் அந்தக் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள வெள்ளையை எல்லாம் தோண்டி எடுப்பார். 1865இல் வந்த 'ஆலிஸின் அற்புத உலகம்' நூலுக்கு ஜான் டெனியல் வரைந்த 42 படங்களையும் டால்சீல் சகோதரர்கள் செதுக்கியது இப்படித்தான்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நிழல் காட்ட இரண்டு கோட்டுக் கூட்டங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போங்கள். பேனாவில் அது ஒரு நொடி வேலை, இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு. செதுக்குபவருக்கோ கோடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளைச் சதுரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தி எடுக்க வேண்டிய குழி. லூப்பில் அந்தச் சதுரங்களின் வரிசையைப் பொறுமையாகப் பாருங்கள். ஒன்று சாய்சதுரம், பக்கத்தில் இருப்பது முக்கோணம் போல, அடுத்தது ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் தோண்டப்பட்டிருக்கும், மூலைகள் உளி பட்ட கூர்மையோடு இருக்கும். ஒரு கோடு இன்னொன்றைக் கடந்து மறுபக்கம் போகும்போது நூலிழை விலகி வெளிவந்திருப்பதும் உண்டு. இவை தெரிந்தால் கை செதுக்கிய மரம்.

அமிலம் அரித்த வகைக்கு லைன் பிளாக் என்று பெயர். அதில் கோட்டைப் புகைப்படம் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றுகிறது, அமிலம் மீதியை அரிக்கிறது. குறுக்குக் கோடுகள் சந்திக்கும் மூலைகள் உருண்டு, மை தேங்கின மாதிரி இருக்கும். பேனா தாளில் இழுபட்ட நடுக்கம், முள் பிளந்த இடம் எல்லாம் அப்படியே வந்திருக்கும். நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் இது மரக்கட்டையின் வயிற்றில் அடித்தது. 1880களுக்கு முந்தைய ஆங்கிலச் சிறுவர் நூலில் லைன் பிளாக் என்று முடிவு செய்தால் மறுபடியும் ஒரு தடவை பாருங்கள், அநேகமாக மரமாகத்தான் இருக்கும்.

படத்தின் நிழலையும் வெளிச்சத்தையும் புள்ளிகளாக உடைத்துக் காட்டும் ஹாஃப்டோன் பிளாக்கை அடையாளம் காண்பது எளிது: ஒழுங்கான கட்டங்களில் வரிசையாக நிற்கும் புள்ளிகள், பெரும்பாலும் பளபளப்பான தாளில்.

இரண்டு தடயம் கூடுதலாக. படத்தின் குறுக்கே நேராக ஒரு வெள்ளை மயிரிழை ஓடினால் அது கீறல் அல்ல. பாக்ஸ்வுட் மரம் ஒல்லி, பெரிய கட்டை வேண்டுமானால் துண்டுகளைச் சேர்த்துத்தான் செய்ய வேண்டும், அந்த இணைப்பு விரிந்ததன் தடம் அது. மரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாவது, மின்முலாம் பூசி எடுத்த செப்பு நகல். ஆலிஸ் போன்ற நூல்களை அசல் கட்டையில் அச்சடிக்கவில்லை, கட்டையைப் பத்திரப்படுத்திவிட்டு அதன் செப்பு நகலில் அச்சடித்தார்கள். தாளைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம், ஆகவே 'மரக்கட்டைச் செதுக்கு' என்றே எழுதுங்கள், 'அசல் கட்டையிலிருந்து' என்று மட்டும் சேர்க்காதீர்கள். விற்பனைப் பட்டியல்களில் இந்த இரண்டு சொல் எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது!

7. பள்ளம் என்றால்: கோட்டின் நுனியைப் பாருங்கள்

உளியால் வெட்டிய கோடு மெல்லத் தொடங்கி, நடுவில் பருத்து, ஊசி நுனியாக முடியும். அமிலம் அரித்த கோட்டின் நுனி மழுங்கியிருக்கும், தடிமன் முழுக்க ஏறத்தாழ ஒன்றாக, கை போன போக்கில் வளையும். ஒரே தகட்டில் இரண்டும் கலந்திருப்பது வழக்கம், அப்படியே எழுதுங்கள்.

செம்பா எஃகா? 1820களுக்கு முன் என்றால் எஃகு என்று யோசிக்கவே வேண்டாம். அதன் பிறகு, கோடுகள் நம்ப முடியாத நெருக்கத்தில் வெள்ளி போலச் சாம்பலாக இருந்தால் எஃகு. சந்தேகம் இருந்தால் 'தகட்டுச் செதுக்கு' என்று எழுதினால் போதும்.

8. சமதளம் என்றால்: கல்லின் சொரசொரப்பு

கல்லில் மெழுகுக் கட்டியால் வரைந்த படத்தில், தீட்டிய இடம் ஒழுங்கில்லாத சின்னத் துகள்களாகச் சிதறித் தெரியும். கல்லின் மணல் பரப்பு அது. ஹாஃப்டோன் புள்ளிபோல வரிசையில் நிற்காது.

பேனாவால் கல்லில் போட்ட கோடு குழப்பும், துகள் இருக்காது. அங்கே 4ஆம், 5ஆம் படிகளின் விடையைத்தான் நம்ப வேண்டும்: அழுத்தம் இல்லை, விளிம்பு இல்லை, வரப்பு இல்லை. இன்னொரு பொறியும் உண்டு. தகட்டில் செதுக்கிய படத்தை மாற்றுத் தாளில் எடுத்துக் கல்லுக்கு ஏற்றி அச்சடித்தார்கள். கோட்டின் நுனி ஊசியாக இருக்கும், ஆனால் மை தட்டையாக இருக்கும். நுனியை மட்டும் பார்த்தவர் தகடு என்று எழுதிவிடுவார்.

பழக நல்ல ஜோடி எட்வர்ட் லியரின் 'எ புக் ஆஃப் நான்சென்ஸ்'. 1846 பதிப்பு கல்லச்சு, 1861 பதிப்புக்கு டால்சீல் சகோதரர்கள் மரத்தில் செதுக்கினார்கள். ஜெர்மனியில் ஹாஃப்மன் எழுதி வரைந்த 'ஸ்ட்ருவெல்பீட்டர்' நூலும் 1845இல் கல்லச்சாகத் தொடங்கிப் பின்னால் மரத்துக்கு மாறியது. ஆகவே நூலின் பெயரை வைத்து முறையைச் சொல்ல முடியாது, கையில் இருக்கும் பதிப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

9. கடைசியாக வண்ணம்

முதலில் ஒரு எச்சரிக்கை. கையால் பூசியதா என்று பார்க்க ஈர விரலை வைத்துத் தேய்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. நீர்வண்ணம் உடனே கலைந்துவிடும், திரும்ப வராது. கண்ணால் மட்டும் பாருங்கள்.

கைவண்ணம்: கறுப்புக் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், அல்லது எட்டாமல் நின்றிருக்கும். பூச்சின் ஓரத்தில் நீர் காய்ந்த கறை இருக்கும். நூற்றாண்டின் முற்பகுதியில் சிறுவர்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்துத் தாளைக் கை மாற்றிப் பூச வைத்தார்கள். சிறுவர் நூலுக்கு வண்ணம் பூசியதும் சிறுவர்கள்தான். வேகத்தில் சிவப்பு சட்டையையும் தாண்டிக் கன்னம் வரைக்கும் போயிருக்கும். ஓரம் கத்தரித்த மாதிரி நேராகவும் உள்ளே தூரிகை இழுப்பும் இருந்தால், வெட்டிய அட்டையை வைத்துப் பூசியது.

வண்ண மரக்கட்டை: எட்மண்ட் எவன்ஸின் அச்சகம் இதில் கைதேர்ந்தது. வால்டர் க்ரேன், ராண்டால்ஃப் கால்டிகாட், கேட் க்ரீனவே மூவரின் படங்களும் அங்கே அச்சாயின. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. வெளிர் நிறம் வேண்டிய இடத்தில் கட்டையில் மெல்லிய இணைகோடுகளைச் செதுக்கி விட்டிருப்பார்கள். நீலக் கோடுகள் மஞ்சளின் மேல் விழுந்து தூரத்தில் பச்சையாகத் தெரியும். லூப்பில் அந்த வண்ணக் கோடுகளையும், அவற்றின் ஓரத்தில் மை பிதுங்கியதையும் பார்த்தால் வேலை முடிந்தது. க்ரீனவேயின் 'அண்டர் தி விண்டோ' (1879) படங்களில் கன்னத்துச் சிவப்பைப் பாருங்கள், கோடுகள் எண்ணக்கூடியபடி இருக்கும்.

வண்ணக் கல்லச்சு: ஒழுங்கற்ற புள்ளிகளும் துகள்களும் பல நிறங்களில் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து எண்ணெய்ப் படம் போல மினுங்கும். மரத்தில் நாலைந்து நிறத்தோடு முடிவதை இங்கே பத்துக்கும் மேல் கற்களை வைத்துச் செய்திருப்பார்கள்.

மூன்று நிற ஹாஃப்டோன்: ஒழுங்கான புள்ளி வரிசைகள், பூச்சுத் தாள். நூற்றாண்டின் கடைசி ஓரத்தில் வந்தது. எவன்ஸ் அச்சகமும் இதற்கு மாறியது, 1902இல் வந்த பீட்ரிக்ஸ் பாட்டரின் 'பீட்டர் ராபிட்' கதை நூல் அப்படி அச்சானதுதான். ஆகவே எவன்ஸ் பெயர் இருக்கிறது, அதனால் மரக்கட்டை என்று எழுதுவது தப்பு.

10. பெயரையும் ஆண்டையும் இப்போது பாருங்கள், முன்பே அல்ல

படத்தின் கீழ் மூலைகளில் கையெழுத்து இருக்கும். ஒரு மூலையில் வரைந்தவர் (டெனியல் என்றால் பின்னிய இரண்டெழுத்து முத்திரை), இன்னொன்றில் செதுக்கியவர். செதுக்கியவர் பெயருக்குப் பின்னால் வரும் 'எஸ்சி' என்பது லத்தீனில் 'செதுக்கினார்' என்பதன் சுருக்கம். வரைந்தவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு இவரை விட்டுவிடாதீர்கள். தாளில் இருக்கும் கோடு உளி பிடித்தவரின் கைவேலை.

இந்தப் படியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பெயரைப் படித்த பிறகு கண் அந்தப் பெயருக்கு ஏற்றதைத்தான் பார்க்கும்.

குறிப்பு எழுதும்போது கோட்டையும் வண்ணத்தையும் தனி வரிகளாகப் பிரியுங்கள், சான்றையும் சேருங்கள்:

*கோடு: மரக்கட்டைச் செதுக்கு. சான்று: மை விளிம்பு, பின்பக்கப் புடைப்பு, குறுக்குக் கோட்டில் உளி மூலை.*
*வண்ணம்: கைப்பூச்சு. சான்று: வலது கையருகே சிவப்பு கோட்டைத் தாண்டியுள்ளது.*
*செதுக்கியவர்: கையெழுத்து இல்லை.*

நூல் முழுவதற்கும் ஒரே குறிப்பு போதாது. அட்டை வண்ணக் கல்லச்சு, முகப்புப் படம் எஃகு, உள்ளே மரக்கட்டை என்று மூன்றும் ஒரே நூலில் வருவதுண்டு, ஆகவே ஒவ்வொரு வகைத் தாளிலும் ஒன்றையாவது 3ஆம் படியிலிருந்து நடத்திப் பாருங்கள்.

கையில் பழைய நூல் எதுவும் இல்லாதவர்கள் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பால்ட்வின் தொகுப்பை இணையத்தில் பார்க்கலாம், நிறைய நூல்களை முழுதாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். 6, 7, 9 படிகளைப் பழக அது போதும். டார்ச் வேலைக்கும் பின்பக்கப் புடைப்புக்கும் திரை உதவாது. படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் இணைகோடுகள் அலை அலையாகப் பொய்க் கோலம் காட்டும், முழு அளவுக்குப் பெரிதாக்கிய பிறகே எதையும் முடிவு செய்யுங்கள்.